பெண் ஜனாதிபதியும் அம்மாவின் நாட்சம்பளமும்

1994ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலைப் பற்றி என் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். வெல்லக்கூடிய நிலையில் நின்ற இரண்டு வேட்பாளர்களுமே பெண்கள். கதிரைச் சின்னத்தில் சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க. யானைச் சின்னத்தில் ஸ்ரீமா திசாநாயக்க. உண்மையில் ஐக்கிய தேசியக் கட்சி நிறுத்தியிருந்தது ஸ்ரீமாவின் கணவர் காமினி திசாநாயக்கவைத்தான். தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கொழும்பில் கூட்ட மேடையிலேயே அவர் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். சந்திரிகாவின் கணவர் விஜய குமாரதுங்க 1988இல் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டவர். கணவனைக் கொலையில் பறிகொடுத்த இரண்டு பெண்களுக்கு நடுவே நாடு ஒருவரைத் தேர்ந்தெடுத்தது. சந்திரிகாவுக்கு 62 வீதத்துக்கு மேல் வாக்கு விழுந்தது.

அந்த வாக்குகளில் ஒன்று என் அம்மாவுடையது. ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். அன்றைக்கு வாக்களிக்கப் போன பெண்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டது ஒன்றுதான்: “பொம்பள வந்தா பொம்பள கஷ்டம் தெரியும்.” அம்மாவும் அதைத்தான் சொன்னார். சமாதானம் வரும் என்பது இன்னொரு காரணம். வடக்கிலும் கிழக்கிலும் மலைநாட்டிலும் தமிழர்கள் பெரும்பாலும் அவரை நம்பியதற்கு அதுவே முதல் காரணம். ஆனால் தோட்டத்துப் பெண்கள் சொன்ன அந்த ஒரு வரியைத்தான் நான் இத்தனை வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். பெண் வந்தால் பெண்ணின் கஷ்டம் தெரியுமா? தெரிந்தால் சம்பளம் கூடுமா?

முதலில் சம்பளக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது விளங்காது.

தேயிலைத் தோட்டங்களில் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த சம்பளம் என்பது வெறும் வழக்கமாக இருக்கவில்லை. அது சட்டமாகவே இருந்தது. 1927இல் இந்தியத் தொழிலாளருக்கான ஆகக்குறைந்த சம்பளச் சட்டம் வந்தபோது, ஆணுக்கு இவ்வளவு, பெண்ணுக்கு இவ்வளவு, சிறுவருக்கு இவ்வளவு என்று மூன்று வகையாகப் பிரித்தே எழுதினார்கள். என் பாட்டி அந்தக் கணக்கில் வேலை செய்தவர். தாத்தா தேயிலை மரத்தைக் கவ்வாத்து வெட்டிவிட்டு (கிளைகளை அளவாக வெட்டிவிட்டு) மத்தியானம் கடந்ததும் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்துவிடுவார். பாட்டி அந்தியில் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, வழியில் விறகு பொறுக்கிக்கொண்டு வருவார். நாட்கூலி தாத்தாவுக்கு அதிகம், பாட்டிக்குக் குறைவு. சம்பள நாளில் இரண்டையும் சேர்த்துத் தாத்தாவே வாங்கி வருவார். எங்கள் லயத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

சம சம்பளம் 1984இல் வந்தது. யாரும் கொடுக்கவில்லை. அந்த ஆண்டு ஏப்ரலில் தோட்டத் தொழிற்சங்கங்கள் சேர்ந்து நடத்திய வேலைநிறுத்தத்தின் பலன் அது. அப்போது நாட்டை ஆண்டது ஜே.ஆர். ஜயவர்தன. அம்மா அந்த வேலைநிறுத்தத்தில் இருந்தவர். நாட்கூலியில் ஆணும் பெண்ணும் ஒன்றான அந்த முதல் சம்பளத்தைப் பற்றி அவர் பேசும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் தெரியும். “உங்கப்பாவும் நானும் ஒரே சம்பளம்” என்று இன்றைக்கும் சொல்வார்.

சரி, ஒரு பெண் அதிகாரத்துக்கு வந்தபோது என்ன நடந்தது? சந்திரிகாவுக்கு முன்பே இந்த நாட்டுக்கு அந்த அனுபவம் இருக்கிறது. 1960 ஜூலையில் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகத்திலேயே முதல் பெண் பிரதமர் ஆனார். அது பெரிய விஷயம்தான், அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் 1964 ஒக்டோபரில் அதே சிறிமாவோ இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு ஒப்பந்தம் எழுதினார். நாடற்றவர்களாக இருந்த எங்கள் ஆட்களில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, மூன்று இலட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று முடிவானது. மீதமிருந்த ஒன்றரை இலட்சம் பேரைப் பத்து வருஷம் கழித்து இந்திரா காந்தியும் சிறிமாவோவும் உட்கார்ந்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இரண்டு நாட்டுக்கும் அப்போது பெண்கள்தான் பிரதமர்கள். என் பெரியம்மா அந்தக் கணக்கில் இந்தியாவுக்குப் போனவர். அவரும் அம்மாவும் ஒரே நிரையில் நின்று கொழுந்து எடுத்தவர்கள். கோச்சி ரயிலில் தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேறிய பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை.

அதனால் 1988 ஜனாதிபதித் தேர்தலில் சிறிமாவோ பிரேமதாசவை எதிர்த்து நின்றபோது, நாட்டின் முதல் பெண் ஜனாதிபதியாக அவர் வர முடியும் என்ற பேச்சு எங்கள் லயத்தில் யாரையும் அசைக்கவில்லை. பிரேமதாச 50 வீதத்தைக் கொஞ்சம் தாண்டி வென்றார். சிறிமாவோவுக்கு 45 வீதம் அளவில் கிடைத்தது. எங்கள் லயத்துப் பெண்களைப் பொறுத்தவரை, பெண் என்பதைவிட அந்த ஒப்பந்தம் கனமாக இருந்தது.

வாக்குரிமை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1931இல் இலங்கையில் இருபத்தொரு வயது நிரம்பிய பெண்களுக்கும் வாக்கு கிடைத்தது. ஆசியாவில் அது மிகவும் முன்கூட்டியே நடந்தது. அதற்கு முன் டொனமூர் ஆணைக்குழு வந்தபோது பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் சார்பில் பேசியவர்களில் ஒருவர் அக்னஸ் டி சில்வா. தோட்டத்தில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று ஆணைக்குழு கேட்டது. நிச்சயமாக வேண்டும், அவர்களும் பெண்கள்தானே என்று அவர் சொன்னார். கொழும்பின் மேல்தட்டுப் பெண் ஒருவர், தான் பழகியே இராத கூடைக்காரிக்காக அந்த இடத்தில் அப்படிச் சொன்னதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். வாக்கு கிடைத்துப் பதினேழு வருஷம் கழித்து 1948 குடியுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. அதன் பின்னால் வாக்கும் பறிபோனது. அதை எடுத்தவர்கள் ஆண்கள். ஆனால் அதைத் திருப்பித் தராமல் 1960களைக் கடத்தியவர்களில் ஒரு பெண்ணும் இருந்தார். என் பாட்டி ஒரு தடவைகூட வாக்களிக்காமலே செத்துப்போனார். 1988இல் நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்த பிறகுதான் அம்மாவுக்கு வாக்கு வந்தது. எஞ்சியிருந்தவர்களின் பிரச்சினை 2003இல் வந்த சட்டத்தோடுதான் முடிந்தது. அப்போது சந்திரிகாதான் ஜனாதிபதி.

1994 வெற்றியின் கதை அதற்குப் பிறகு எப்படிப் போனது என்பது எல்லோருக்கும் தெரியும். அடுத்த வருஷமே சண்டை திரும்பத் தொடங்கியது, 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்துச் சனம் ஒரே இரவில் வீடு வாசலை விட்டுக் கிளம்ப வேண்டி வந்தது. அதைத் தவிர்த்துவிட்டு அவருடைய ஆட்சியை எந்தத் தமிழராலும் பேச முடியாது. சம்பளத்தைப் பொறுத்தவரை, தோட்டங்கள் 1992இலேயே கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயிருந்தன. அவர் காலத்தில் கம்பனிகளின் பிடி இன்னும் இறுகியது. கூட்டு ஒப்பந்த முறை வந்ததும் அதே காலத்தில்தான். முதலாளிமார் சம்மேளனமும் தொழிற்சங்கங்களும் கையெழுத்துப் போடும், அதுதான் சம்பளம். சங்கத்துக்குச் சந்தா கட்டியவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். கையெழுத்துப் போட உட்கார்ந்தவர்கள் ஆண்கள்.

இங்கேதான் நான் நின்று பேச வேண்டும். 1984இல் சமமானது நாளுக்கு எழுதும் தொகை மட்டும்தான்.

ஒரு நாட்பேர் விழுவது, அதாவது ஒரு நாள் வேலை முழுதாகக் கணக்கில் ஏறுவது, எப்படி என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஆணுக்குக் கவ்வாத்து, வடிகான் வெட்டு, மண்ணைக் கிளறும் முள்ளுக்குத்து, மருந்தடிப்பு. அது அளவு வேலை. இத்தனை மரம், இவ்வளவு தூரம் என்று கொடுத்திருப்பார்கள். அதை முடித்தால் பேர் விழுந்துவிடும், மத்தியானத்துக்கே வீட்டுக்கு வரலாம். கடினமான வேலைதான், இல்லை என்று சொல்லவில்லை. பெண்ணுக்குக் கொழுந்து. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போய் மலையில் ஏறினால் பொழுது சாயும்வரை நிற்க வேண்டும். அதோடு பதினெட்டுக் கிலோ வேண்டும். கிலோ குறைந்தால் அரைப்பேர்.

அம்மாவோடு நான் சின்ன வயதில் தராசடிக்குப் போயிருக்கிறேன். சாக்கில் கொழுந்தைக் கொட்டி அமுக்கி, வரிசையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். மழை நாளில் இடுப்பில் கட்டிய படங்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும், கணுக்காலில் அட்டை கடித்த இடத்தில் இரத்தம் காயாமல் இருக்கும். சாக்கைத் தராசில் மாட்டுவார்கள். முள் எங்கே நிற்கிறது என்பது கணக்குப்பிள்ளைக்குத் தெரியும், தள்ளி நிற்கும் அம்மாவுக்குத் தெரியாது. “பதினொண்ணு” என்பார். அதில் சாக்குக்கு ஒன்று கழியும். இலை நனைந்திருப்பதால் தண்ணீருக்கு இன்னொன்று. முற்றிய இலை இருக்கிறது என்று சில நாளில் இன்னும் ஒன்று. ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை நிறுப்பார்கள், ஒவ்வொரு தடவையும் கழியும். எல்லாம் சேர்த்தால் பொழுது சாயும்போது சில கிலோ காணாமல் போயிருக்கும். சில நாள் பேர் முழுதாக விழுவதும் பாதியாக விழுவதும் அந்தச் சில கிலோவில்தான் இருக்கும். அப்பா வெட்டிய மரத்தை எண்ணும்போது யாரும் ஈரத்துக்கென்று இரண்டு மரம் கழிக்கவில்லை.

ஆக, சம்பளப் பட்டியலில் அப்பாவும் அம்மாவும் சமம். மாதக் கடைசியில் கையில் வருவதை நாளில் நின்ற மணித்தியாலத்தால் பிரித்துப் பார்த்தால் சமம் இல்லை.

அப்புறம் வரவுக் கொடுப்பனவு என்று ஒன்று. 2016 ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 ரூபாய் என்று பெரிதாகச் சொன்னார்கள். அதில் அடிப்படை 500தான். 60 ரூபாய் வரவுக்கு. வேலை கொடுத்த நாட்களில் முக்கால்வாசிக்குக் குறையாமல் வந்தவருக்கு மட்டுமே அது சேரும். யார் நாள் தவறுவார்கள்? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் நிற்பது யார்? மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது யார்? தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் ஆயா வராத நாளில் கைக்குழந்தையோடு இருப்பது யார்? சட்டத்தில் ஆண், பெண் என்ற சொல்லே இல்லாமல் பெண்ணின் சம்பளத்தைக் குறைக்க அந்த ஒரு விதி போதும்.

ஆயிரம் ரூபாய்க்காக எங்கள் சனம் வருஷக்கணக்காகப் போராடியது. 2021 மார்ச்சில் ஆகக்குறைந்த சம்பளத்தைத் தீர்மானிக்கும் சம்பளச் சபை வழியாக வர்த்தமானியில் அது வந்தது. வந்த கையோடு பல தோட்டங்களில் கிலோவை இருபதுக்கு உயர்த்தினார்கள். 2024இல் 1,350 ஆனது. 2025 நவம்பரில் வாசித்த வரவுசெலவுத் திட்டத்தில் அதை 1,550 ஆக்கி, அரசாங்கம் நாளுக்கு இருநூறு ரூபாய் வரவுக் கொடுப்பனவாகச் சேர்க்கும் என்றார்கள். கூடியது நல்லது, வரவேற்கிறேன். ஆனால் வரவு என்ற சொல் திரும்பவும் வந்ததைப் பார்த்ததும் எனக்கு 2016தான் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு தடவையும் தொகைக்காகவே சண்டை நடக்கிறது. கிலோ எவ்வளவு, கழிப்பது எவ்வளவு, எத்தனை மணிவரை நிற்பது என்பதைப் பேச அந்த மேசையில் கொழுந்து எடுத்த ஒருத்தி இல்லை.

நான் இப்போது அரசாங்கப் பாடசாலையில் ஆசிரியை. என் சம்பளத் தாளில் நான் பெண்ணா ஆணா என்பதற்கு இடமே இல்லை. தரமும் வருஷமும்தான். பக்கத்து வகுப்பு ஆசிரியருக்கும் எனக்கும் ஒரே கணக்கு. பாடசாலைக்கு எதிரே மரக்கறித் தோட்டம். அங்கே கிழங்கு கிண்ட வரும் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி, இன்றைக்கும். மத்திய வங்கி வெளியிடும் கூலி விவரங்களிலேயே ஆண் கூலி, பெண் கூலி என்று தனித்தனியாகப் போடுகிறார்கள். சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1993இல் ஏற்றது. அரசியலமைப்பிலும் பால் வேறுபாடு காட்டக்கூடாது என்று இருக்கிறது. ஆனால் அது அரசாங்கம் செய்வதைத்தான் கட்டுப்படுத்தும். மரக்கறித் தோட்டத்துக்காரரை அது தொடாது.

பெண் ஜனாதிபதிக்கும் பெண்ணின் சம்பளத்துக்கும் உள்ள தொடர்பை வேறு நாட்டில் பார்ப்போம் என்றால் எனக்கு ஐஸ்லாந்து நினைவுக்கு வருகிறது. 1975 ஒக்டோபர் 24ஆம் திகதி அங்கே பத்தில் ஒன்பது பெண்கள் வேலைக்குப் போகவில்லை, வீட்டில் சமைக்கவும் இல்லை, பிள்ளை பார்க்கவும் இல்லை. தங்கள் உழைப்புக்கு உரிய கூலி இல்லை என்பதே கோரிக்கை. ஐந்து வருஷம் கழித்து விக்டிஸ் ஃபின்போகடோட்டிர் ஜனாதிபதியானார். மக்கள் நேரடி வாக்கில் ஒரு பெண் ஜனாதிபதியானது உலகத்தில் அதுவே முதல் தடவை. பதினாறு வருஷம் இருந்தார். 2018இல் நிறுவனங்கள் தாங்கள் சம ஊதியம் கொடுப்பதைத் தாங்களே நிரூபிக்க வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. அப்படியும் 2023 ஒக்டோபர் 24ஆம் திகதி அந்தப் பெண்கள் திரும்பவும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த நாட்டுப் பெண் பிரதமரும் அதில் சேர்ந்தார். அங்கே முதலில் வந்தது வேலைநிறுத்தம், அதற்குப் பிறகே ஜனாதிபதி. மலையகத்திலும் 1984க்குப் பிறகுதான் 1994. ஆனால் அவர்களுக்கு நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியின் தலையில் விழுந்தது. எங்களுக்கு இன்றைக்கும் அது கிலோவுக்காக நிற்பவளின் தலையில் இருக்கிறது.

இதையெல்லாம் சொன்னால் ஆசிரியர் அறையில் உடனே ஒரு பதில் வரும்: “அப்படியென்றால் ஆணோ பெண்ணோ, நல்லவர் வந்தால் சரிதானே, டீச்சர்?” இல்லை, எனக்கு அது சரியாகப் படவில்லை. 1978இல் நிறைவேற்று ஜனாதிபதி முறை வந்ததிலிருந்து ஒன்பது பேர் அந்தக் கதிரையில் இருந்திருக்கிறார்கள், அதில் ஒருவர் மட்டுமே பெண். 2019இல் முப்பத்தைந்து வேட்பாளர்களில் ஒரே ஒரு பெண். 2024 செப்டெம்பரில் முப்பத்தொன்பது பேரின் வேட்புமனுக்கள் ஏற்கப்பட்டன, அவற்றில் ஒரு பெண்கூட இல்லை. முப்பது வருஷத்துக்கு முன் இரண்டு பெண்கள் மோதிய தேர்தல் அது. அந்த நீளமான வாக்குச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே பெயர்களைப் பார்த்தபோது எனக்கு ஆத்திரம் வந்தது. வாக்காளரில் பாதிக்கு மேல் நாங்கள். நல்லவரைத்தான் தேடுகிறோம் என்றால், அத்தனை பேரில் நல்லவளாக ஒருத்திகூடக் கிடைக்கவில்லையா?

சிறிமாவோவும் சந்திரிகாவும் ஸ்ரீமாவும் எப்படி வந்தார்கள் என்பதில் ஒரு பதில் இருக்கிறது. கணவன், தகப்பன், தாய் விட்டுப்போன இடத்துக்கு அவர்கள் வந்தார்கள். அவர்களுடைய திறமையை நான் சந்தேகிக்கவில்லை. சந்திரிகா 1999 டிசம்பரில் குண்டுவெடிப்பில் ஒரு கண்ணின் பார்வையை இழந்து, சில நாளிலேயே இரண்டாம் தடவை பதவி ஏற்றவர். ஆனால் வீட்டில் ஒரு தலைவர் செத்தால்தான் பெண்ணுக்குக் கதவு திறக்கும் என்றால், லயத்துப் பெண்ணுக்கு அந்தக் கதவு எந்தக் காலத்திலும் திறக்காது.

அதனால்தான் 2024 நவம்பர் எனக்கு முக்கியமாகப் பட்டது. அரசியல் குடும்பத்தில் பிறக்காத ஹரிணி அமரசூரிய பிரதமராக இருக்கிறார். பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் வாக்கில் வென்று நாடாளுமன்றம் போனார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் அப்படிப் போவது அதுவே முதல் தடவை. தேயிலை வந்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உள்ளூராட்சி சபைகளில் 2018இலிருந்து நாலில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று சட்டம் இருப்பதால், எங்கள் பிரதேச சபைகளிலும் தோட்டத்துப் பெண்கள் உட்காருகிறார்கள். அம்மாவோடு மலைக்குப் போன ஒருவரின் மருமகள் அப்படி உறுப்பினரானார். வீதி விளக்குக்கும் குடிதண்ணீருக்கும் அவர் போடும் சத்தம் பெரியது.

அடுத்த ஜனாதிபதித் தேர்தலில் ஒரு பெண் நின்றால் நான் அவருக்கு வாக்களிக்கவே விரும்புகிறேன். இதை ஒளிக்கத் தேவையில்லை. என் மகள் வயதுப் பிள்ளைகள் அந்தக் கதிரையில் ஒரு பெண்ணைப் பார்த்ததே இல்லை. ஆனால் முதல் விருப்பு வாக்கைப் போடும் முன் அவரிடம் நான் கேட்க வேண்டியவை இருக்கின்றன, ஆண் நின்றாலும் அதையேதான் கேட்பேன். சம்பளச் சபையிலும் ஒப்பந்த மேசையிலும் கொழுந்து எடுக்கும் பெண்களை உட்கார வைப்பீர்களா? தராசின் இலக்கத்தைக் கொழுந்து கொடுப்பவளே பார்க்கும்படி வைத்து, நிறுத்ததை எழுதிய துண்டு அவள் கையில் கிடைக்கச் செய்வீர்களா? கழிக்கும் கிலோவுக்குச் சட்டத்தில் ஒரு எல்லை போடுவீர்களா? பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நின்ற நாளை வரவுக் கணக்கில் எப்படி எழுதுவீர்கள்? மரக்கறித் தோட்டத்திலும் கடையிலும் தையல் ஆலையிலும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று தனியாரையும் கட்டுப்படுத்தும் சட்டம் கொண்டுவருவீர்களா?

அம்மாவிடம் இந்தக் கேள்விகளை வாசித்துக் காட்டினேன். தராசைப் பற்றியதை முதலில் போடச் சொன்னார். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு கேட்கலாமாம்.